கேட்க ஆளில்லாத எலும்பு

“சுடலை பாக்கிறதுக்கோ தம்பி இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?” என்று கேட்டார், பலெர்மோவில் நான் தங்கியிருந்த வீட்டு அண்ணா. யாழ்ப்பாணத்துக்காரர். சிசிலிக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பலெர்மோவில் ஈழத்தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஊருக்குக் காவலான சாந்தா ரொசாலியாவைக் கும்பிட பெல்லக்ரினோ மலையேறும் கூட்டத்தில், இந்து, கத்தோலிக்கர் என்ற வித்தியாசமில்லாமல் நம் ஆட்களையும் பார்க்கலாம். அண்ணா வீட்டுச் சாமி அலமாரியிலும் பிள்ளையாருக்குப் பக்கத்தில் ரொசாலியா படம் இருந்தது.

மேற்குக் கரையில் மோட்யா என்று ஒரு குட்டித் தீவு இருக்கு அண்ணா, அங்க 2,700 வருஷத்துக்கு முந்தைய இடுகாடு, அதைப் பார்க்கணும் என்றேன். “எத்தனை வருசமெண்டாலும் சுடலை சுடலைதானே” என்று சிரித்துவிட்டு, பஸ் நேரத்தைப் பார்த்துச் சொன்னார். அந்தச் சிரிப்பு அப்போது எனக்குப் பெரிதாகப் படவில்லை. திரும்பி வந்த பிறகுதான் அதில் ஒரு கேள்வி இருந்தது என்று புரிந்தது.

மார்சாலா ஊரைத் தாண்டியதும் உப்பளங்கள். தூத்துக்குடிப் பக்கம் பார்த்த அதே வெள்ளைக் கண்கூச்சம். ஆனால் இங்கே உப்புக் குவியல்களை ஓடு வேய்ந்து மூடி வைக்கிறார்கள், நடுநடுவே பழைய காற்றாலைகள் நிற்கின்றன. அங்கிருந்து படகில் பத்து நிமிஷம். கடல் என்று சொல்லக் கூச்சமாக இருக்கும், அவ்வளவு ஆழமில்லாத காயல். தீவின் இப்போதைய பெயர் சான் பந்தலேயோ. 45 ஹெக்டேர் கூட வராது. மெதுவாக நடந்தாலும் ஒன்றரை மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம். திராட்சைத் தோட்டம், கள்ளி, பைன் மரங்கள், கொஞ்சம் கல்.

கி.மு. 8ஆம் நூற்றாண்டில் பினீசியர்கள் இங்கே குடியேறினார்கள். விவிலியத்தில் தீரு, சீதோன் என்று வருகிற லெபனான் கரை ஊர்களின் கடலோடிகள். கேதுரு மரமும் ஊதாச் சாயமும் விற்றவர்கள். கிரேக்க எழுத்தும் அதன் வழியாக லத்தீன் எழுத்தும் இவர்களுடைய எழுத்திலிருந்துதான் வந்தன. ஆனால் இவர்கள் எழுதியதில் கல்லில் வெட்டியது தவிர ஏறக்குறைய எதுவும் மிஞ்சவில்லை. ‘பினீசியர்’ என்ற பெயரே கிரேக்கர் வைத்ததுதான். அவர்களைக் கேட்டிருந்தால் நான் சீதோன்காரன், நான் தீருக்காரன் என்று ஊர்ப்பெயரைத்தான் சொல்லியிருப்பார்கள். நாமும் வெளியூரில் அப்படித்தானே.

ஆதி இடுகாடு தீவின் வடகரையில் இருக்கிறது. உள்ளதைச் சொன்னால், முதல் பார்வைக்கு ஏமாற்றம்தான். பாறையில் வெட்டிய சின்னச் சின்னக் குழிகள், சில இடங்களில் பலகைக்கல்லை நிறுத்திச் செய்த பெட்டிகள், புல். இறந்தவர்களை எரித்து, மிஞ்சிய எலும்பைப் பொறுக்கி, ஒரு சாடியிலோ கல்பெட்டியிலோ போட்டு இந்தக் குழியில் இறக்கியிருக்கிறார்கள். ஆதிச்சநல்லூர் தாழிகள் ஞாபகம் வரும். ஆனால் இவை அவற்றுக்கு முன்னால் மிகச் சிறியவை, ஒரு ஆள் இடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு வரக்கூடிய அளவு. சாடியோடு வைத்த பொருள்களில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. காளான் குடைபோல வாய் விரிந்த ஒரு குடுவை. மூன்று இதழாக நெளிந்த வாயுள்ள ஒரு கூஜா. ஒரு சமையல் பானை. சிலவற்றில் கொரிந்திலிருந்து வந்த கிரேக்கக் கிண்ணமும் உண்டு. அந்தக் குடுவையும் கூஜாவும் சிசிலியில் மட்டுமல்ல, சார்டினியாவில், ஸ்பெயின் கரையில் என்று பினீசியர் போன இடத்திலெல்லாம் சாவோடு கூடவே போயிருக்கின்றன. கடல் கடந்து வந்து, தெரியாத மண்ணில் முதல் ஆள் சாகும்போது, ‘ஊர்ல எப்படிப் பண்ணுவோம்?’ என்று யாரோ ஒருவர் கேட்டிருப்பார். இரண்டு பாத்திரங்கள் வைப்போம் என்று ஒரு கிழவி சொல்லியிருப்பாள். இது என் கற்பனை. ஆனால் சமையல் பானையைப் பார்த்தபோது அந்தக் கிழவியைத் தவிர்க்க முடியவில்லை.

இதைத் தோண்டியவர்களில் முக்கியமானவர் ஜோசப் விட்டேக்கர். ஆங்கிலேய வம்சம், மார்சாலா ஒயின் வியாபாரக் குடும்பம், பறவை ஆராய்ச்சியாளர்; துனிசியாவின் பறவைகள் பற்றிப் புத்தகம் போட்டவர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீவையே வாங்கி, அகழ்ந்து, 1921ல் மோட்யாவைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவர் வீடு இப்போது அருங்காட்சியகம். குடுவைகளும் கூஜாக்களும் அங்கே கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக நிற்கின்றன.

என்னை அந்தக் கரையில் நிறுத்தியது குழிகள் அல்ல, சுவர். கி.மு. 6ஆம் நூற்றாண்டில் மோட்யாக்காரர்கள் தீவைச் சுற்றிச் சுமார் இரண்டரை கி.மீ. மதில் கட்டினார்கள். அந்த மதில் இடுகாட்டுக்கு ஊடாகப் போகிறது. சில குழிகள் மதிலுக்கு உள்ளே, சில வெளியே, சில அடியில். எதிரி வந்து இடித்துக் கட்டியதல்ல. சொந்த ஊர்க்காரர்களே, தங்கள் பாட்டன் பாட்டிகளின் எலும்பு மேல் அஸ்திவாரம் போட்டிருக்கிறார்கள்.

காரணம் இல்லாமலில்லை. கி.மு. 580 வாக்கில் பென்டத்லோஸ் என்பவன் தலைமையில் கிரேக்கர்கள் இந்தக் கரையில் குடியேற வந்து, தோற்றுப் போனார்கள். பயம் வந்திருக்கும். தீவோ சின்னது, மதில் கரையோரமாகத்தான் போக முடியும், கரையில் இடுகாடு இருந்தது. உயிரோடிருப்பவர் முக்கியமா, செத்தவர் முக்கியமா என்று கேட்டால் நானும் மதிலுக்குத்தான் கை தூக்குவேன். அதற்கப்புறம் இறந்தவர்களைப் பெரும்பாலும் எதிர்க்கரையில், பிர்ஜி என்ற இடத்தில் புதைத்தார்கள். அங்கே போக வடக்கு வாசலிலிருந்து காயலுக்குள் ஒன்றரை கி.மீ.க்கும் அதிகமாகக் கல்பாதை போட்டார்கள். கடல் மட்டம் ஏறி அது இப்போது தண்ணீருக்கடியில் கிடக்கிறது. கடந்த நூற்றாண்டு வரைக்கும் திராட்சை ஏற்றிய வண்டிகள் அதன்மேல் தண்ணீருக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தன. கரையிலிருந்து பார்க்க, குதிரை கடல்மேல் நடப்பதுபோலத் தெரிந்திருக்கும்.

வாசலுக்குப் பக்கத்திலேயே பழைய இடுகாடு. அப்படியென்றால் ஒவ்வொரு சாவு ஊர்வலமும், தாங்கள் மூடிவிட்ட செத்தவர்களின் பக்கமாகத்தான் புதுச் செத்தவரைத் தூக்கிக்கொண்டு போயிருக்கும். அந்த இடத்தில் யாராவது கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்களா?

*

இதைக் கேட்கிற தகுதி எனக்கு இருக்கிறதா என்பது வேறு விஷயம். சொல்லிவிடுகிறேன்.

என் பாட்டி சாவதற்கு நாலு மாதம் முன்னால் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னாள்: “என்னைக் கொண்டுபோயி தாத்தா பக்கத்துல வச்சிருங்கடா. எரிச்சுப் போட்டுராதீங்க.” தாத்தாவை எங்கள் கிணற்றுத் தோட்டத்தில் ஒரு வேப்பமரத்தடியில் புதைத்து, சின்னதாக மேடை கட்டியிருந்தோம். நான் “சரி பாட்டி” என்றேன். அந்தத் தோட்டத்தை விற்று அப்போது மூன்று வருஷம் ஆகியிருந்தது. அப்பாவின் கடன். பாட்டிக்குத் தெரியாது. தெரிந்தால் தாங்க மாட்டாள் என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு. வாங்கியவரிடம் ‘அந்த மூலையை மட்டும் விட்ருங்க’ என்று அப்பா வாய்வார்த்தையாகச் சொன்னாராம். பாட்டியை நகரத்து மின்மயானத்தில் எரித்தோம். நாற்பது நிமிஷம். ஒரு மண்சட்டியில் கொடுத்தார்கள், ஆற்றில் விட்டோம்.

இதைப் பெரிய பாவமாக நான் சொல்லவில்லை. இந்த நாட்டில் பாதி வீடுகளில் இப்படி ஒன்று நடந்திருக்கும். ஆனால் அந்தச் ‘சரி பாட்டி’ எனக்குள் எங்கேயோ சிக்கிக்கொண்டது. மோட்யாவின் மதிலைப் பார்த்தபோது அது அசைந்தது.

*

செத்தவரைத் துன்பப்படுத்த முடியுமா? பழைய கேள்வி. எபிகூரஸ் முடியாது என்பார். நாம் இருக்கும்வரை சாவு இல்லை, சாவு வந்தபின் நாம் இல்லை. அப்புறம் யாருக்கு வலிக்கும் என்பது அவர் வாதம். அரிஸ்டாட்டில் கொஞ்சம் தயங்குவார். நிகோமாகிய ஒழுக்கவியலின் முதல் புத்தகத்தில், பிள்ளைகளுக்கு நேர்கிற நல்லது கெட்டது இறந்தவரைத் தொடுமா என்று கேட்டு, தொட்டாலும் லேசாகத்தான், அவர் வாழ்வின் நிறைவை மாற்றுகிற அளவுக்கு இல்லை என்று முடிப்பார். எனக்கு அந்தத் தயக்கம் பிடிக்கும். அவ்வளவு பெரிய ஆள் ‘சுத்தமாகத் தொடாது’ என்று சொல்லிவிட்டுப் போகாமல் ‘லேசாக’ என்று நின்றிருக்கிறார்.

எபிகூரஸ் பக்கம் நின்று என் வழக்கைப் பார்ப்போம். என் பொய் பாட்டி உயிரோடிருந்தபோது சொன்னது. தப்பு என்று ஒன்று இருந்தால் அது அங்கேயே முடிந்தது. எரித்தது தனித் தப்பு ஆகாது, ஏனென்றால் எரிக்கும்போது பாட்டி இல்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனா இப்படி யோசிச்சுப் பாருங்க: நான் பொய் சொல்லவில்லை, தோட்டம் எங்களிடமே இருக்கிறது, மனசாரத்தான் ‘சரி’ என்றேன். செத்தபின், போக வர தூரம், யார் போவது என்று சோம்பல்பட்டு எரித்துவிட்டேன். இங்கே உயிரோடிருந்த பாட்டிக்கு யாரும் எதுவும் செய்யவில்லை. இருந்தும் இதைக் கேட்கிற யாரும் ‘அடப்பாவி’ என்றுதான் சொல்வார்கள். அப்போ அந்த ‘அடப்பாவி’ யார் சார்பாக வருகிறது? எபிகூரஸின் கணக்கில் இதற்கு இடமில்லை.

கேட்டவர்களும் இருக்கிறார்கள் என்பதுதான் பினீசியர் விஷயத்தில் வேடிக்கை. சீதோன் ராஜா எஷ்முனாசரின் கல்பெட்டியை 1855ல் கண்டெடுத்தார்கள். அதன்மேல் நீளமான எழுத்து. காலம் வருமுன்னே பறிக்கப்பட்டேன், விதவையின் பிள்ளை நான் என்று அழுகிறான். இந்தப் பெட்டியைத் திறக்காதே, உள்ளே புதையல் தேடாதே, எதுவும் இல்லை, என்னை வேறிடத்துக்குத் தூக்கிப் போகாதே என்று கெஞ்சுகிறான். தூக்குகிறவனுக்குச் சந்ததி இல்லாமல் போகட்டும், செத்தவர்களோடு கிடக்க இடம் கிடைக்காமல் போகட்டும் என்று சபிக்கிறான். பெட்டி இப்போது பாரிஸில், லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எழுத்தைப் படித்துப் புரிந்துகொண்டோம், மகிழ்ந்தோம், சொல்லாதே என்று சொன்ன எல்லாவற்றையும் செய்தோம்.

அவன் அப்பா தப்னித் கதை இன்னும் மோசம். 1887ல் உஸ்மான் ஹம்தி பே தோண்டி எடுத்த அந்தப் பெட்டியிலும் இதே கெஞ்சல்: என்னிடம் வெள்ளி இல்லை, பொன் இல்லை, திறக்காதே, என்னைக் கலைக்காதே. இப்போது இஸ்தான்புல்லில். ஆனால் அதே பெட்டியில் இன்னொரு எழுத்தும் இருக்கிறது, எகிப்திய எழுத்து. அது பென்ப்தா என்ற எகிப்தியத் தளபதிக்காகச் செய்த பெட்டி. என்னைக் கலைக்காதே என்று கேட்கிற ராஜா, இன்னொருவனுடைய பெட்டியில்தான் படுத்திருக்கிறான்.

இதைப் படித்தபோது முதலில் சிரித்துவிட்டேன். அப்புறம் யோசித்தால், இந்த விஷயத்தில் கை சுத்தமான ஆள் என்று யாரைச் சொல்வது? தப்னித், மோட்யாவின் மதில் மேஸ்திரி, விட்டேக்கர், எங்க அப்பா, நான். வரிசை நீளமாகத்தான் போகிறது. ஆனால் எல்லோரும் செய்தார்கள் என்பதால் ஒரு கோரிக்கை கோரிக்கை இல்லாமல் போய்விடுமா? தப்னித் திருட்டுப் பெட்டியில் படுத்திருப்பதால் ‘என்னைத் திறக்காதே’ என்பது பொய்யாகிவிடுவதில்லை. பென்ப்தாவும் அதைத்தான் கேட்டிருப்பான்.

எத்தனை வருஷம் ஆனால் பிணம் தொல்பொருள் ஆகும்? பத்து வருஷத்துக் குழியைத் தோண்டினால் போலீஸ் பிடிக்கும். 2,700 வருஷத்துக் குழியைத் தோண்டினால் முனைவர் பட்டம். நடுவில் எங்கேயோ ஒரு கோடு இருக்கிறது. வருஷக் கணக்கு என்று தோன்றும். எனக்கு அப்படிப் படவில்லை. ‘அது எங்க தாத்தா’ என்று சொல்ல ஒரு ஆள் இருக்கும்வரை அது பிணம். அந்த ஆள் போன மறுநாள் அது பொருள்.

மோட்யாவில் அந்த ஆட்கள் எப்படிப் போனார்கள் என்று நமக்குத் தெரியும். கி.மு. 397ல் சிரக்கூசாவின் சர்வாதிகாரி டயோனீசியஸ் பெரும்படையோடு வந்து முற்றுகையிட்டான். டயோடோரஸ் என்ற வரலாற்றாசிரியர் விரிவாக எழுதியிருக்கிறார்: எறிபொறிகள், ஆறடுக்குக் கோபுரங்கள், வீடு வீடாகச் சண்டை. உள்ளே புகுந்த படை ஆண், பெண், குழந்தை பார்க்காமல் வெட்டியது. டயோனீசியஸ் தடுக்கப் பார்த்தானாம். இரக்கத்தால் இல்லை, உயிரோடு பிடித்தால் அடிமைகளாக விற்கலாமே. கிரேக்கரும் மதிக்கிற கோயில்களுக்குள் ஓடியவர்கள்தான் பிழைத்தார்கள், விற்கப்படுவதற்காக. தப்பியவர்களுக்கு அடுத்து ஊர் ஆனது லிலிபேயம், இன்றைய மார்சாலா. மோட்யா பிறகு பழைய ஊராக எழுந்திருக்கவே இல்லை. பாட்டன் எலும்புமேல் கட்டிய மதில் பேரனைக் காப்பாற்றவும் இல்லை.

அதனால்தான் ‘இதைக் கேட்க இப்ப யாரும் இல்லையே’ என்கிற வாக்கியம் எனக்கு உறுத்துகிறது. அகழாய்வு பற்றிய பேச்சில் சாதாரணமாக வருகிற வாக்கியம். சந்ததி என்று உரிமை கொண்டாட யாருமில்லை, ஆகவே தடையில்லை. யாருமில்லாமல் போனது காலத்தின் வேலை மட்டும்தானா? அதில் டயோனீசியஸின் வேலையும் இருக்கிறதே. கேட்க ஆளில்லாத நிலையை ஒருவன் வாளால் உண்டாக்குகிறான். அதன் சௌகரியத்தை 2,300 வருஷம் கழித்து வேறொருவர் அனுபவிக்கிறார், தன் கையில் ரத்தமே படாமல்.

இந்த இடத்தில் நான் ‘ஆகவே கல்லறைகளைத் தோண்டக் கூடாது’ என்று எழுதியிருப்பேன். மோட்யாவிலிருந்து திரும்பிய பஸ்ஸில் அப்படித்தான் முடிவு செய்திருந்தேன். ராத்திரி சாப்பிடும்போது அண்ணாவிடம் இதைச் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

“உங்களுக்கு அது படிப்பு தம்பி. எங்கட ஊரில கிண்டாமல் விட்டதாலதான் பிரச்சினை” என்றார். “செம்மணியைக் கிண்டச் சொல்லி எத்தினை வருசமாக் கேக்குதுகள், தெரியுமோ?”

தெரியும், ஆனால் செய்தியாகத் தெரியும். 1998ல், கிருஷாந்தி குமாரசுவாமி கொலை வழக்கில் தண்டனை பெற்ற ஒரு சிப்பாய், செம்மணியில் நூற்றுக்கணக்கான பேரைப் புதைத்திருக்கிறோம் என்று நீதிமன்றத்தில் சொன்னான். 1999ல் தோண்டியபோது 15 உடல்கள் எடுத்தார்கள். அப்புறம் மௌனம். 2025ல் அதே பகுதியில் சித்துப்பாத்தி மயானத்தில் எரிமேடை கட்டக் குழி வெட்டியபோது எலும்புகள் வந்தன. நீதிமன்ற மேற்பார்வையில் தோண்டத் தொடங்கி, சில மாதங்களுக்குள் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள். குழந்தைகளும் உண்டு. ஒரு நீலநிறப் பள்ளிக்கூடப் பையும் வந்தது.

“அந்தப் பையைப் பாத்திட்டு மனுசி ரெண்டு நாள் சாப்பிடேல்லை” என்றார் அண்ணா. வேறெதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அங்கே மண்ணைக் கலைக்காமல் விடுவதுதான் குற்றம். இறந்தவர் அமைதியாக இருக்கட்டும் என்று யாராவது சொன்னால், அது புதைத்தவன் பேச்சு. தூரிகையால் மண்ணைத் தள்ளி, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, இது எந்த வயது, எந்தப் பக்கம் தலை என்று எழுதுகிறார்களே, அதே வேலைதான் மோட்யாவிலும் நடக்கிறது. அதே தூரிகை, அதே நூல் கட்டிய சதுரங்கள். ஒன்றை அவமதிப்பு என்றும் இன்னொன்றை நீதி என்றும் எப்படிச் சொல்வது? செம்மணியில் கேட்க ஆட்கள் இருக்கிறார்கள், படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்கிறார்கள் என்பது ஒரு பதில். ஆனால் குடும்பத்தோடு அழிந்தவர்கள் அந்தக் குழியில் இருந்தால்? அவர்களுக்காக நிற்க யாருமில்லை என்பதால் அவர்களை விட்டுவிட முடியுமா? அவர்களைத்தான் முதலில் எடுக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

அப்படியென்றால் என் பஸ் முடிவு தப்பு. திறப்பது தன்னளவில் தப்பில்லை. கேட்க ஆளில்லை என்று தெரிந்துகொண்டு திறப்பதும், கேட்க ஆளில்லை என்பதற்காகவே திறப்பதும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோல இருக்கும். முதலாவதில் திறக்கிறவரே அந்தக் கேட்கிற ஆளாகிவிட வேண்டியிருக்கிறது. இரண்டாவதில் அது வெறும் வசதி.

சொந்தம் என்றால் ரத்தம்தானே, வெளியாள் எப்படிச் சொந்தமாக முடியும் என்று கேட்கலாம். இதற்கு மோட்யாவின் உலகமே ஒரு பதில் வைத்திருக்கிறது. 2025 ஏப்ரலில் நேச்சர் இதழில் ஒரு ஆய்வு வந்தது. சிசிலி, சார்டினியா, இபீசா, வட ஆப்பிரிக்கா என்று கார்த்தேஜ் காலத்து பினீசிய ஊர்களின் கல்லறைகளிலிருந்து எடுத்த எலும்புகளோடு, மொத்தம் 210 பேரின் மரபணுவைப் படித்தார்கள். மேற்கு மத்தியதரைக் கடலின் இந்த மக்களிடம் லெபனான் கரையின் வம்சம் ஏறக்குறைய இல்லவே இல்லை. பெரும்பாலும் சிசிலி, ஏஜியன் பக்கத்து மக்களை ஒத்தவர்கள். கொஞ்சம் வட ஆப்பிரிக்கக் கலப்பு. பினீசிய மொழி பேசி, பினீசிய சாமி கும்பிட்டு, பினீசிய முறையில் புதைக்கப்பட்டவர்கள். ஆனால் சீதோன் கிழவியின் பேரன் பேத்திகள் இல்லை. அல்லது பேரன் பேத்திகள்தான், ரத்தம் வேறு.

வடகரையின் ஆதிக் குழிகளிடம் இந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது. எரித்த எலும்பில் மரபணு பெரும்பாலும் மிஞ்சுவதில்லை. நீங்கள் யார் வம்சம் என்றால் அவை பதில் சொல்லாது. குடுவையும் கூஜாவும்தான் பதில். யாரோ ஒருவர், சொந்தமோ இல்லையோ, அந்த இரண்டையும் மறக்காமல் வைத்திருக்கிறார்.

விட்டேக்கரை நான் கொஞ்சம் அலட்சியமாக மேலே சொல்லிவிட்டேன். பணக்காரர், தீவையே விலைக்கு வாங்கியவர். ஆனால் இந்தக் கரையில் யார் கிடந்தார்கள் என்று நூற்றாண்டுகளாக எவருமே கேட்கவில்லை, அவர் கேட்டார். எந்தக் குழியில் எந்தக் குடுவை என்று குறித்து வைத்தார். உள்ளூர் மதில்காரர்கள் மூடியதை வெளியூர் ஒயின் வியாபாரி திறந்தார். இரண்டு பேரில் இறந்தவர்களுக்கு நெருக்கமானவர் யார் என்று கேட்டால் என்னால் சட்டென்று சொல்ல முடியவில்லை. எஷ்முனாசர் வந்து கேட்டால் இதைச் சொல்லத் தைரியமும் இல்லை. அவன் திறக்காதே என்று சொல்லியே சொல்லிவிட்டான். மோட்யாவின் சாடிகள் எதுவும் சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

என் பாட்டியும் சொல்லியே சொன்னாள்.

ஊருக்குக் கிளம்ப முந்தின நாள் ராத்திரி அப்பாவுக்கு ஃபோன் செய்தேன். அங்கே விடியற்காலை. என்னமோ ஏதோ என்று பதறி எடுத்தார்.

“ஒண்ணுமில்லப்பா. அந்தக் கிணத்துத் தோட்டத்துல தாத்தா மேடை இன்னும் இருக்கா?”

“இப்ப எதுக்குடா அது?”

“சும்மா. வந்ததும் ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வரலாம்னு.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. “வேப்பமரத்தை வெட்டிட்டாங்கன்னு யாரோ சொன்னாங்க” என்றார். “மரம் இல்லாட்டி இடத்தைக் கண்டுபிடிக்கிறது கஷ்டம்.”

“எந்த மூலைன்னு ஞாபகம் இருக்குல்ல?”

“கிணத்துக்கு வடக்க... இல்ல, வாய்க்கா அந்தப் பக்கம் போகுது. இருடா, அம்மாவை எழுப்பிக் கேக்குறேன்.”